ஒன்பது வயதுப் பிள்ளைகளின் நடுவர் வெண்டல் செட்லக்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஓல்மன் அவர்களே, நகரத் தலைவர் டெல்பர்ட் ரூஸ் அவர்களே, சிறுவர் பேஸ்பால் கழகத்தின் தலைவி ட்வைலா பிராண்ட் அவர்களே, தங்கள் வண்டிகளை வெயிலில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்குக் காலிசெய்து கொடுத்த தீயணைப்பு வீரர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் வெண்டலின் மனைவி மார்லிஸ் அவர்களே, அவருடைய மகள் ரெனே அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ப்ளம் ஃபோர்க் மக்களே!

உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என்னைத் தெரியாதவர்கள் யாரேனும் இருந்தால், நான் லைல் பெட்ஸ்கா. டிராக்டர் உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன். பதினாறு வருடங்களாக இந்த வட்டாரத்து நடுவர் சங்கத்தின் செயலாளர். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் போக வேண்டும் என்று எழுதுகிற கை இந்தக் கை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்று நான் பேசப்போவது எல்லாம் அந்தக் கையைப் பற்றியும்தான்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்திருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். நாற்பது வருடங்களில் இந்த ஊரில் வெண்டல் செட்லக் நின்ற எந்த ஆட்டத்துக்காவது இருநூறு பேர் வந்திருக்கிறீர்களா? வந்ததில்லை. இங்கே அவர் நின்றதெல்லாம் சனிக்கிழமை காலை ஆட்டங்கள். எட்டு வயது, ஒன்பது வயது, பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டங்கள். மட்டையைவிடச் சற்றே உயரமான பிள்ளைகள். காலுறை கணுக்காலில் சுருண்டு கிடக்கும் பிள்ளைகள். வெளிமைதானத்தில் நிற்கவைத்தால் பந்தை மறந்து பட்டாம்பூச்சியைத் துரத்துகிற பிள்ளைகள். அவர்களுக்கு நடுவர் வெண்டல் செட்லக்! மாநிலப் பள்ளி இறுதி ஆட்டத்தில் ஆறு முறை, மட்டை பிடிப்பவர் நிற்கும் வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் குனிந்து நின்ற நடுவர் வெண்டல் செட்லக்!

நண்பர்களே, நானும் அவரும் ஒரே வயது. ஒரே பள்ளியில் படித்தோம். இருபத்து மூன்று வயதில் அவர் ஃபுளோரிடாவுக்குப் போய் நடுவர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஐந்து கோடைகள் சம்பளத்துக்கு ஆடுபவர்களின் கடைநிலை ஆட்டங்களில் நின்றார். அந்த ஏணியில் அடுத்த படி, அதற்கடுத்த படி, கடைசியில் பெரிய மைதானங்கள். அதுதான் கனவு. ஐந்தாவது கோடையின் முடிவில் ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி. அடுத்த வருடம் நீங்கள் தேவையில்லை என்று. ஊருக்குத் திரும்பி வந்தார். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் சங்கத்துக்கும் வந்தார்.

அப்போது எல்லோரும் என்ன நினைத்தோம்? இவ்வளவு பெரிய ஆள், கல்லூரி ஆட்டம் கேட்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது என்ன? இருப்பதிலேயே சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கேட்டார். பல வருடம் கழித்து நான் ஒருநாள் கேட்டேன்.

"ஏன்யா, உனக்கென்ன தலையெழுத்தா? மூக்கு ஒழுகற பசங்களோட போய் நிக்கற?"

அவர் பேருந்தின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அங்கிருந்தே பதில் வந்தது.

"மேல இருக்கறவங்க நான் வேணாம்னுட்டாங்க லைல். யாருக்கு வேணும்னு தேடினேன். இவங்களுக்குத்தான் யாருமே வரல."

இதுதான் வெண்டல். பெரிய தத்துவம் எதுவும் பேசமாட்டார்.

இங்கே நடுவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தை நாம் என்னவென்று சொல்வோம்? தண்டனை என்போம். புதிதாக வந்தவன் பழகிக்கொள்ளட்டும் என்று தள்ளிவிடுவோம். முட்டி தேய்ந்தவன் பொழுதைப் போக்கட்டும் என்று தள்ளிவிடுவோம். பள்ளி ஆட்டத்தில் நின்றவன் சிறுவர் ஆட்டத்துக்குப் போகச் சொன்னால் முகம் சுளிப்பான். கல்லூரி ஆட்டத்தில் ஒருமுறை நின்றவனுக்குப் பள்ளி ஆட்டமே கௌரவக் குறைச்சல். உண்மையா இல்லையா? நான் முதல் ஆள்! எனக்கு அந்த நோய் உங்களைவிட அதிகம்.

ஒன்றைச் சொல்கிறேன். பதினோரு வருடம் முன்பு. பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டம். ஆள் கிடைக்காமல் நானே போயிருந்தேன். வெண்டல் பக்கத்து மைதானத்தில் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் எனக்கு ஒரு பெரிய ஆட்டம் இருந்தது. சீக்கிரம் கிளம்ப வேண்டும். முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, தட்டுக்கு மேலே வந்தால் ஸ்ட்ரைக். வராவிட்டால் இல்லை. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டை பிடித்தவர் வெளியே. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நான் மூக்குக்கு வந்ததையும் ஸ்ட்ரைக் என்றேன். கணுக்காலுக்கு வந்ததையும் ஸ்ட்ரைக் என்றேன். ஒரு குட்டிப் பெண், தலைக்கவசத்துக்குள் முகமே தெரியவில்லை, அவளுடைய கண் உயரத்துக்கு வந்த பந்துக்கு "மூணாவது ஸ்ட்ரைக், வெளிய போ" என்று கையை ஓங்கினேன். அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் வண்டிக்கு நடந்தேன். வெண்டல் பின்னாலேயே வந்தார்.

"லைல், பந்தைப் பார்த்துச் சொன்னியா, கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னியா?"

"விடுய்யா. பத்து வயசுப் புள்ளைங்க. நாளைக்கு மறந்துடும்."

"அந்தப் புள்ள மறக்காது. இனிமே நீலச் சட்டை போட்ட எந்த நடுவர் என்ன சொன்னாலும் அது நம்பாது. நீ அந்த நம்பிக்கையைத்தான் இன்னிக்கு வெளிய அனுப்பினே."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. அவர் அப்படித்தான், முதலில் வந்து பேசுகிற வழக்கமே கிடையாது. வீம்பு பிடித்த மனிதர். அவர் தேவதை என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. தான் சொன்ன தீர்ப்பு தப்பு என்று நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை. விதிப்புத்தகத்தைக் காட்டினால் புத்தகத்தில் அச்சுப்பிழை என்பார்! மார்லிஸ் சிரிக்கிறார், பாருங்கள். வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது.

ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் அவர் எப்படி இருந்தார்? ஒன்பது வயதுப் பையன் மட்டையை இழுத்துக்கொண்டு வந்தால், "வாங்க மிஸ்டர் ஹேகன், நேத்து நல்லா தூங்கினீங்களா?" என்பார். ஒவ்வொருவனும் மிஸ்டர். ஒவ்வொருத்தியும் மிஸ். பிள்ளைகளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். நடுவர்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல, சட்டையின் நிறத்தை வைத்து, "ப்ளூ" என்பார்கள். "ப்ளூ, என் பல் விழுந்துடுச்சு!" "ப்ளூ, எங்க நாய் குட்டி போட்டிருக்கு!" ஆட்டத்தின் நடுவே இதெல்லாம் நடக்கும். அவர் முகமூடியைத் தூக்கி, பல் விழுந்த இடத்தைப் பார்த்து, "சரி, ஆடலாம்" என்பார்.

அப்படியே, பந்து வீசுகிற பையன் தடுமாறி, ஒன்றன்பின் ஒன்றாக எதிரணிக்கு ஓட்டங்களைத் தானம்செய்து, உதடு துடிக்க நிற்பான் பாருங்கள். அப்போது வெண்டல் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்துவார். பின்பையிலிருந்து குச்சித் தூரிகையை எடுத்து, குனிந்து, வெள்ளைத் தட்டைத் துடைப்பார். சுத்தமாக இருக்கும் தட்டைத்தான் துடைப்பார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அந்தப் பையன் மூச்சு வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும். பயிற்சியாளர் ஒருவர் கத்துவார்: "ப்ளூ, தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை போட்டுடாதய்யா!" இவர் நிமிராமலேயே சொல்வார்: "உங்க வாயையும் ஒருமுறை தேய்ச்சு விடட்டுமா?"

கூட்டம் சிரிக்கும். அது சிரித்த காலம்.

சிரித்த காலம் எப்போது முடிந்தது நண்பர்களே? எந்த வருடம்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பும் கத்துவார்கள். "முகமூடியைக் கழட்டிட்டுப் பாரு ப்ளூ, ஆட்டம் நல்லாத்தான் போகுது!" என்பார்கள். அதில் நையாண்டி இருக்கும், விஷம் இருக்காது. பிறகு மெல்ல மெல்ல விஷம் ஏறியது. ஒன்பது வயதுப் பையனின் அப்பா வேலியைப் பிடித்து உலுக்குகிறார். "உன் வீடு எங்கன்னு தெரியும்டா" என்கிறார். எதற்கு? பையன் ஒரு பந்தை அடிக்கவில்லை, அதற்கு! தனி வகுப்புக்கு அனுப்பியிருக்கிறாராம், பையன் பெரிய ஆளாகப் போகிறானாம், நடுவர் வந்து கெடுத்துவிட்டாராம்.

நான் செயலாளராக வந்தபோது நம் சங்கத்தில் முப்பத்தேழு நடுவர்கள். இன்று எட்டுப் பேர். மன்னியுங்கள், ஏழு. வெண்டலையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பழக்கம்.

போனவர்கள் யாரும் முட்டி வலித்துப் போகவில்லை. ஒருவருடைய டயரில் ஆணி. ஒருவருடைய மனைவியைத் தேவாலய வாசலிலேயே கேலி செய்தார்கள். கொலீன் வாஸ் இங்கே வந்திருக்கிறார். நம் வட்டாரத்தின் முதல் பெண் நடுவர், ஒன்பது வருடம் வெண்டலின் ஜோடியாக நின்றவர். ஒரு தாய், படித்த தாய், மளிகைக் கடையின் பால் அலமாரி வரைக்கும் கொலீனைத் துரத்திப் போய், "என் பையன் ரெண்டு நாளா சாப்பிடல, சந்தோஷமாடி உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். மறுநாள் கொலீன் சீருடையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் கடைக் கல்லாவில் வைத்தார். வெண்டலுக்குத் தாங்கவில்லை. என் கண்முன்னால்தான் சொன்னார்: "ஒருத்தி கத்தினா ஓடிடுவியா? கோழை." கொலீன் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டு வருடம்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஜூலை மாதம். சுதந்திர தினம் முடிந்த மறுவாரம். ஒன்பது மணிக்கு மூன்றாம் மைதானத்தில் பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம். நடுவர்கள் இருவர்: வெண்டல் செட்லக், லைல் பெட்ஸ்கா. நான்தான் எழுதினேன். வியாழக்கிழமை எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. அறுபது மைல் தள்ளிக் கல்லூரி மாணவர்களின் கோடைகால ஆட்டம். ஒரு நடுவருக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் வர முடியுமா என்றார்கள். ஆயிரம் பேர் பார்க்கிற ஆட்டம். ஒலிபெருக்கியில் நடுவர் பெயரைச் சொல்வார்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு வந்த அழைப்பு! நான் யோசித்தேனா? யோசிக்கவே இல்லை. வெண்டலைக் கூப்பிட்டேன்.

"சனிக்கிழமை நான் வரல. கல்லூரி ஆட்டம் வந்திருக்கு."

"அப்ப என்கூட யாரு?"

"ஆள் இல்லைய்யா. சின்னப் பசங்க ஆட்டம்தானே, நீ ஒருத்தனே போதும்."

பிறகு சொன்னார்.

"நாலஞ்சு வாரமா அந்த வேலிப் பக்கம் சரியில்ல லைல். ரெண்டு பேரா இருந்தா நல்லாருக்கும்."

"பத்து வயசுப் பசங்கய்யா! உனக்கென்ன ஆகப்போகுது?"

"சரி. பார்த்துக்கறேன்."

இதுதான் நாங்கள் பேசியது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

நடுவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் மைதானத்தை விட்டு வெளியேறுவார்கள். ஒருவர் வண்டிக்குப் போய்ச் சேரும் வரை மற்றவர் பின்னால் வருவார். புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். நானே முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று கடைசிச் சுற்று. ஓட்டங்கள் சமம் ஆக ஒன்றுதான் பாக்கி. ஒரு பையன் மட்டையோடு நிற்கிறான். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. மூன்றாவது பந்து தட்டுக்கு நட்டநடுவே, பையனின் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அவன் ஆடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். வெண்டல் கையை உயர்த்தினார். ஆட்டம் முடிந்தது. அந்தப் பந்து ஸ்ட்ரைக்தான். ட்வைலா அம்மையாரிடம் வீடியோப் படம் இருக்கிறது, நான் பார்த்தேன். தெளிவான ஸ்ட்ரைக். அந்தப் பையனே தலையாட்டிவிட்டு வெளியே நடக்கிறான்.

வெண்டல் தனியாக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். வண்டியின் பின்கதவைத் திறந்து, ஒரு காலைத் தூக்கி வைத்துக் கால்கவசத்தின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலில் நிற்கிற அறுபத்தெட்டு வயது மனிதர். அப்போதுதான் அந்தப் பையனின் அப்பா வந்தார். இரண்டு கைகளாலும் தள்ளினார்.

அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அவருடைய பையனும் இதே ஊரில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே நாற்பது பேர் இருந்தீர்கள். இந்தக் கூடத்திலும் இருக்கிறீர்கள். எனக்கு முகங்கள் தெரிகின்றன. நாற்பது பேர்! ஐஸ்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள், பிள்ளைகளுக்குச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். வெண்டல் அந்த அப்பாவிடம் "போங்க சார், அப்புறம் பேசிக்கலாம்" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. யார் வந்தீர்கள்? ஒருவராவது இரண்டடி எடுத்து வைத்தீர்களா? அங்கே வேலியில் கழகம் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. "இவர்கள் குழந்தைகள். இது விளையாட்டு. நடுவரும் மனிதர்." அந்தப் பலகைக்குக் கீழே, சிமெண்ட் கட்டையின் மேல் விழுந்துதான் அவர் இடுப்பு ஒடிந்தது.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? அறுபது மைல் தள்ளி, பச்சைப் புல்லில், ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லும்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

முப்பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து அவர் இறந்தார். முதலில் அறுவை சிகிச்சை. பிறகு நடக்கவைத்தார்கள். பிறகு காய்ச்சல், பிறகு நெஞ்சில் சளி. மார்லிஸ் ஒரு நாளும் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. ரெனே ஒமாஹாவிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் தினமும் கடையைச் சாத்தும் முன்பே போய்விடுவேன். போய் என்ன செய்தேன்? ஆட்டங்களைப் பற்றிப் பேசினேன். உடம்பு தேறி வந்ததும் எந்த ஆட்டம் வேண்டும் என்று கேட்டேன். பொய்யான உற்சாகம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். மார்லிஸிடம் கேட்டேன். "சொல்லிடு லைல், அவருக்குப் பொய் பிடிக்காது" என்றார். அதனால் சொல்கிறேன்.

இரங்கல் கூட்டத்தில் வழக்கமாக என்ன சொல்வோம்? கடைசி மூச்சுவரை தன் பணியில் நம்பிக்கையோடு இருந்தார் என்போம். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் அது நடக்கவில்லை.

முப்பதாவது நாளோ என்னவோ, மதிய வேளை. மார்லிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழ ரொட்டி தட்டில் அப்படியே இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"லைல், என்னைத் தள்ளினவனை உனக்கு நினைவிருக்கா?"

"அவன் பேச்சு எதுக்கு இப்ப?"

"ஒன்பது வயசுல இடது கையால பந்து வீசுவான். நல்லா வீசுவான். தடுமாறுவான். அவனுக்காக நான் எத்தனை தடவை தட்டைத் துடைச்சிருக்கேன் தெரியுமா?"

பழ ரொட்டித் தட்டை ஓரமாக நகர்த்தினேன். அவர் விடவில்லை.

"அவனையும் மிஸ்டர்னுதான் கூப்பிட்டேன். அவனுக்கும் ஒரு பந்துகூடத் தப்பாச் சொல்லல. முப்பது வருஷம் கழிச்சு அவன்தான் வந்தான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சின்ன வயசுல ஒருத்தன் நியாயமா நடந்துக்கிட்டா அது ஒட்டிக்கும்னு நினைச்சேன். ஒண்ணும் ஒட்டல லைல். தண்ணி மாதிரி ஓடிப்போச்சு."

"ஒருத்தனை வச்சு எல்லாரையும் சொல்லாதய்யா."

"நாப்பது பேர் நின்னாங்களே. அதுல பாதிப் பேரு நான் பார்த்து வளர்ந்த பசங்க."

இதற்கு உங்களில் யாருக்காவது பதில் தெரியுமா?

பிறகு சொன்னார்: "கொலீன்கிட்ட சொல்லு. அவளைக் கோழைன்னேன். அவ சரியாத்தான் செஞ்சா. நான்தான் தப்பாத் தீர்ப்பு சொல்லிட்டேன்."

"வீட்டுக்கு வந்து நீயே சொல்லு."

"நீ சொல்லு. சங்கத்தை விட்டுப் போனவங்க எல்லார்கிட்டயும் சொல்லு. எவனும் நிக்க வேணாம். நின்னு என்ன ஆச்சு?"

நாற்பது வருடத்தில் அவர் தப்பு என்று ஒப்புக்கொண்ட ஒரே தீர்ப்பு அது.

கொலீன், எழுந்திருக்க வேண்டாம். அங்கேயே இருங்கள். அவர் சொன்ன அன்றே உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வாசல் வரை வந்தேன், திரும்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்பு நண்பர்களே, நகரத் தலைவர் அவர்கள் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். மூன்றாம் மைதானத்துக்கு வெண்டல் செட்லக் பெயரை வைக்கலாம் என்று. வையுங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை தட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்காது. பெயர்ப்பலகையிடம் எந்தப் பையனும் ஓடிவந்து விழுந்த பல்லைக் காட்டமாட்டான். ஏற்கனவே அந்த வேலியில் ஒரு பலகை இருக்கிறது. அது என்ன செய்தது என்று பார்த்தோம்.

அவர் சொன்னது பொய் என்று நான் இங்கே நிரூபிக்க வேண்டும். இரங்கல் உரை என்றால் அதுதானே? "இல்லை வெண்டல், உங்கள் உழைப்பு வீண் போகவில்லை, இதோ பாருங்கள்" என்று நான்கு பேரை எழுப்பிக் காட்ட வேண்டும். ஒரு வாரமாகத் தேடினேன். அவரிடம் ஆடி வளர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் அழுதார்கள். எல்லோரும் அவரைப்போல் ஒருவர் வருவாரா என்றார்கள். "சரி, இந்த இலையுதிர்காலத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள், நான் பயிற்சி கொடுக்கிறேன்" என்றேன். பதினெட்டுப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கு வேலை. ஒருவருக்கு முதுகு. ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "லைல், எங்க ஊர்க்காரங்களை எனக்குத் தெரியும். நான் வரமாட்டேன்." அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

இந்த மேடையில் நான் சூளுரைக்க வேண்டும். அவர் பணியைத் தொடர்வோம், அவர் ஏற்றிய விளக்கை அணையவிடமாட்டோம் என்று கையை உயர்த்த வேண்டும். என்னால் அது முடியாது. செய்ய முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கல்லூரி ஆட்டம், பள்ளி ஆட்டம் எதிலும் நான் இனி நிற்கமாட்டேன். எனக்கு மிச்சம் இருக்கிற முட்டி, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு. இது தியாகம் இல்லை. பதினோரு வருடம் முன்பு கண் உயரத்துக்கு வந்த பந்துக்கு வெளியே அனுப்பினேனே, அந்தப் பெண்ணுக்கு நான் செய்ய வேண்டியது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டு, இனி எந்த ஆட்டத்துக்கும் ஒரு நடுவரைத் தனியாக அனுப்பமாட்டேன். சின்னப் பிள்ளைகள் ஆட்டம்தானே என்ற வார்த்தை இனி என் வாயில் வராது. மார்லிஸின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். "தனியாக" என்றால் என்னையும் சேர்த்துத்தான். அதையும் அவர்தான் கேட்டு வாங்கினார்.

வருகிற சனிக்கிழமை இலையுதிர்காலத்தின் முதல் ஆட்டம். காலை ஒன்பது மணி, மூன்றாம் மைதானம், பத்து வயதுக்குட்பட்டோர். மற்ற ஆறு பேரும் வேறு ஊர் ஆட்டங்களுக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நடுவர் நான். இன்னொருவர் வேண்டும். அனுபவம் தேவையில்லை. சட்டை நான் தருகிறேன். இருநூறு பேர் இருக்கிறீர்கள். வருகிறவர் கையை உயர்த்துங்கள்.

காத்திருக்கிறேன்.

பின்னால் நிற்பவர்கள்? அந்தக் கதவுப் பக்கம்?

சரி. கூட்டத்தில் கேட்டால் கூச்சமாக இருக்கும். வீட்டில் போய் யோசியுங்கள். கடைக்கு வந்து சொன்னாலும் போதும்.

யாரும் வராவிட்டாலும் சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் நான் சீருடையோடு அங்கே இருப்பேன். பிள்ளைகள் கையுறைகளோடு வந்து வரிசையாக நிற்பார்கள். ஒன்பதேகால் வரைக்கும் பார்ப்பேன். இரண்டாவது ஆள் வரவில்லையென்றால் ஆட்டம் இல்லை. பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம்தான். ஆனால் நான் போவேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், மிஸ்டர் என்றும் மிஸ் என்றும் அழைத்து, இன்றைக்கு ஆட்டம் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வேன். ஏன் என்று கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் உங்களைக் கேட்கச் சொல்வேன்.